மூன்று வருடம் உட்கார்ந்ததில் காபி நனைந்ததுதான் மிச்சமா?

பண்ணைக்காட்டான்
ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். மிளகு விலை, காபி விலை பேசும் பக்கம்தான் நான் வழக்கமாக வந்துபோகிற இடம். இந்தத் தியானப் பக்கத்தில் முதல் முறை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பண்ணைக்காட்டுக்குக் கீழே நாலு ஏக்கர். காபி, மிளகு, நடுநடுவே வாழை, பட்டர் ஃப்ரூட். எனக்கு இளவயதிலிருந்தே முன்கோபம். ஒரு முறை கவாத்துக் கத்தியைச் சுவரில் வீசினேன். அந்த வெட்டு இரண்டு தடவை வெள்ளையடித்தும் மறையவில்லை. அப்போது பெரியவளுக்கு ஆறு வயது. அவள் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம்தான் ஒரு நண்பர் சொல்லி, பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனேன்.

போனவர்களுக்குத் தெரியும். போனை வாங்கி வைத்துவிடுவார்கள். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். யாரோடும் பேச்சில்லை, கண்ணைக் கூடப் பார்க்கக்கூடாது. முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சை மட்டும் கவனிப்பது, நாலாம் நாளிலிருந்து தலை முதல் கால் வரை உடம்பில் என்னென்ன தோன்றுகிறதோ அதைப் பார்ப்பது. அப்புறம் 'அதிட்டானம்' என்று ஒன்று. ஒரு மணி நேரம் கண்ணைத் திறக்காமல், கையைக் காலை அசைக்காமல் உட்காருவேன் என்று தீர்மானம் செய்துகொண்டு உட்காருவது. ஒரு பைசா கட்டணம் கிடையாது. முடித்தவர்கள் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். நல்ல அனுபவம்தான், குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் தினமும் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. மூன்று வருடமாக விடவில்லை. சாமான் அறையில் ஒரு மூலையை ஒழித்து, சாக்கைப் போட்டு, மேலே கம்பளியை மடித்துப் போட்டு வைத்திருக்கிறேன். சாயங்காலம் கணக்குப் பார்க்க ஆள் வருவதால் மூன்றரைக்கே உட்கார்ந்துவிடுவேன்.

போன மாதம் நடந்தது இது. களத்தில் பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கிக் கழுவிய காபிக் கொட்டை) காய்ந்துகொண்டிருந்தது, ஆறாம் நாள். இன்னும் இரண்டு மூன்று நாள் வெயில் கிடைத்திருந்தால் மூட்டை கட்டியிருக்கலாம். நான் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் இருக்கும். தகரத்தில் முதல் சொட்டு விழுந்த சத்தம் கேட்டது. என் மனைவி 'அம்மா, தார்ப்பாய்' என்று கத்தியது கேட்டது. தார்ப்பாயைத் தரையில் இழுக்கிற சத்தம். அப்புறம் ஒரே ஒரு தடவை, 'ஏங்க'.

நான் எழுந்திருக்கவில்லை. தோள்பட்டை இறுகியதைக் கவனித்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டதைக் கவனித்தேன். மீதி இருபது நிமிஷத்தையும் உட்கார்ந்தே முடித்தேன். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இவ்வளவு சத்தத்திலும் அசையவில்லையே என்று.

கதவைத் திறந்து வந்தேன். களத்தில் பாதி நனைந்துவிட்டது. இவளுக்கு முழங்கால் வரை சேலை ஈரம். மாமியார் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். இவள் என்னைப் பார்த்து, 'டீ அடுப்பில இருக்கு' என்றாள். வேறு ஒரு வார்த்தை இல்லை, அன்றும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை.

பழைய ஆளாக இருந்தால் ஓடிப்போய் இழுத்திருப்பேன், கூடவே இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். இப்போது திட்டவும் இல்லை, இழுக்கவும் இல்லை. நான் கேட்க வந்தது இதுதான். தியானத்தில் ஆள் வளர்கிறானா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? உங்களுக்கு எப்படித் தெரிந்தது?


வட்டக்கானல் வைஃபை
ஞாயிறு, இரவு 9.15

அண்ணா, முதலில் வாழ்த்துகள். மூன்று வருடம் விடாமல் செய்வது சாதாரண விஷயமா? நான் செயலி வைத்துச் செய்கிறேன், இன்றோடு 412 நாள் தொடர்ச்சி. தினமும் 20 நிமிஷம். அளக்க முடியாததை வளர்க்க முடியாது என்பது என் கட்சி. தூக்கம், நாடித்துடிப்பு, மனநிலை எல்லாவற்றையும் குறித்து வைக்கிறேன். உளவியலாளர் மாஸ்லோவின் பிரமிடு தெரியும்தானே? சோறு, பாதுகாப்பு, உறவு, மரியாதை, கடைசியாக உச்சியில் தன்னை முழுமையாக்கிக்கொள்வது. கீழ்ப்படிகளைத் தாண்டியவர்கள்தான் உச்சிக்குப் போக முடியும். நீங்கள் அந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள், அதனால் சுற்றியிருப்பவர்களுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

காதுக்குள் வைக்கிற சத்தம் குறைக்கும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மழைச் சத்தமே கேட்காது.


பூம்பாறைப் பூண்டு
ஞாயிறு, இரவு 9.32

மழைச் சத்தம் கேட்காது, பெண்டாட்டி கூப்பிடுவதும் கேட்காது. நல்ல யோசனை தம்பி.

பண்ணைக்காட்டு அண்ணன் பதிலுக்கு நாளைக்கு வருகிறேன். இப்போது எழுதினால் கடுமையாக வரும்.


வத்தலக்குண்டு வாத்தியார்
திங்கள், காலை 6.05

வாழ்க வளமுடன். ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் 1994 முதல் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலைப் பயிற்சியில் இருப்பவன், ஆழியாறு அறிவுத் திருக்கோயிலுக்குப் பலமுறை போய்வந்தவன். அந்த வழியில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் தறி ஓட்டிய குடும்பத்தில் 1911-ல் பிறந்தவர். காட்டுக்குப் போய்த் தவம் செய்தவரில்லை, குடும்பத்துக்குள் இருந்தே சொன்னவர். அதனால் தவத்தோடு மட்டும் அவர் நிறுத்தவில்லை. ஆக்கினை (புருவ மத்தியில் கவனம்), சாந்தி (முதுகுத்தண்டின் அடியில்), துரியம் (உச்சந்தலையில்) என்று தவங்களைக் கற்றுக்கொடுத்த கையோடு 'அகத்தாய்வு' என்ற ஒன்றையும் வைத்தார். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், கடைசியில் நான் யார். சினம் தவிர்த்தலில் நோட்டும் பேனாவும் எடுத்து, யார் யார் மேல் கோபம் வருகிறது என்று பெயரெழுதச் சொல்வார்கள். நான் முதன்முதலில் எழுதியபோது பதினோரு பெயர் வந்தது. ஒன்பது பேர் என் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்! மீதி இருவரில் ஒருவர் தலைமையாசிரியர், இன்னொருவர் பால்காரர்.

கண்ணை மூடியிருக்கும்போது கோபம் வராததில் அதிசயமில்லை. அங்கே கோபப்பட ஆளில்லை. பட்டியலில் இருக்கும் பெயர்களோடு பழகும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்வார்கள்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. எங்கள் அமைப்பில் ஆகஸ்ட் 30-ஐ 'மனைவி நல வேட்பு நாள்' என்று கொண்டாடுகிறோம். மகரிஷியின் துணைவியார் லோகாம்பாள் அம்மையாரின் பிறந்தநாள் அது. அன்று கணவன் மனைவிக்குப் பூக் கொடுத்து நன்றி சொல்ல வேண்டும். முதல் வருடம் என் மனைவி பூவை வாங்கிக்கொண்டு, 'யார் சொல்லிக்கொடுத்தது?' என்று கேட்டாள்.


பண்ணைக்காட்டான்
திங்கள், காலை 7.20

வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. என் பட்டியலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும், பால்காரருக்குப் பதில் காபி வியாபாரி.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இரண்டு மாதமாக வலது முழங்காலில் ஊசி குத்துகிறாற்போல் வலி. அதையும் பார்த்துக்கொண்டே உட்காருகிறேன். பார்க்கலாமா, விடலாமா?


பெருமாள்மலைப் பேரிக்காய்
திங்கள், காலை 10.48

வலியைப் பார்ப்பதற்கு முன் கம்பளியைப் பாருங்கள். இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும். கம்பளியை நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் மட்டும் வையுங்கள். முழங்கால் இரண்டும் தரையைத் தொடட்டும். ஒரு காலை இன்னொன்றின் மேல் போடாமல் முன்பின்னாக வைத்தால் போதும். அப்படியும் வலித்தால் நாற்காலியில் உட்காருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் ஞானம் வராது என்று எந்தப் புத்தரும் சொல்லவில்லை. எழுந்த பிறகும் வலி இருக்கிறதென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி முக்கிய விஷயம். நான் இருப்பது பெருமாள்மலை. இங்கே போதி ஜென்டோ என்று ஒரு ஜென் தியான மையம் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 1996-ல் அதைத் தொடங்கியவர் ஆமா சாமி என்ற இயேசு சபைப் பாதிரியார். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், அருள் மரியா ஆரோக்கியசாமி என்பதன் சுருக்கம் அது. ஜப்பானில் காமகுராவில் யமாதா கோவுன் என்ற குருவிடம் பயின்றவர். எனக்கு ஜென் பழக்கம் வந்தது அந்தப் பக்கம் போய்வந்ததில்தான்.

ஜென் மரபில் ஒரே மூச்சாக மணிக்கணக்கில் உட்காரச் சொல்வதில்லை. சாதாரணமாக 25 நிமிஷம், அப்புறம் எழுந்து மெதுவாக நடப்பது, மறுபடி உட்காருவது. தோட்ட வேலை, பாத்திரம் கழுவுவது எல்லாமும் பயிற்சிக்குள் வரும், அதற்கு 'சாமு' என்று பெயர். மணி அடித்தால் எழ வேண்டும். பிரமாதமாக ஒன்றி உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் கொஞ்சம் இருக்கிறேன் என்றால் நடக்காது.

உங்கள் களத்துக் கதையைப் படித்ததும் டோகன் சொன்ன ஒரு சம்பவம் ஞாபகத்துக்கு வந்தது. ஜப்பானில் சோட்டோ ஜென் மரபை வேரூன்றச் செய்தவர் அவர். 1223-ல் சீனாவுக்குப் போனார். அங்கே ஒரு மடத்தில், கொதிக்கிற வெயிலில், தலையில் தொப்பிகூட இல்லாமல் ஒரு கிழவர் காளான் உலர்த்திக்கொண்டிருந்தார். வயது 68, மடத்துச் சமையல்காரர். ஏன் உதவியாளை வைத்துச் செய்யக்கூடாது என்று டோகன் கேட்டார். மற்றவர்கள் நானாக முடியாதே என்றார் கிழவர். சரி, இந்த வெயிலிலா செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, வேறெப்போது செய்வது என்று திருப்பிக் கேட்டார். டோகன் வாயடைத்துப்போனார். ஊருக்குத் திரும்பி, 1237-ல் மடத்துச் சமையல்காரருக்கென்றே ஒரு கையேடு எழுதினார். அதில்தான் இந்தக் கதை வருகிறது.

நீங்கள் தேடிய தியானம் அன்றைக்குக் களத்தில் இருந்தது என்பது என் எண்ணம். தார்ப்பாய் இழுப்பதே தியானம். உங்கள் மனைவிதான் அன்று அந்தப் பயிற்சியைச் செய்தவர்.


பூம்பாறைப் பூண்டு
திங்கள், இரவு 8.10

நேற்றே எழுதாதது நல்லதாகப் போயிற்று. இன்று இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பண்ணைக்காட்டு அண்ணனுக்கு. நீங்கள் பத்து நாள் முகாமுக்குப் போனபோது தோட்டத்தை யார் பார்த்தது? தினமும் இரண்டு மணி நேரம் நீங்கள் உள்ளே இருக்கும்போது வாசலில் வந்து நிற்பவனுக்கு யார் பதில் சொல்வது? இதை நீங்கள் எழுதவே இல்லை. எழுத மறந்ததாகக்கூட எனக்குத் தோன்றவில்லை, உங்கள் கண்ணில் படவே இல்லை என்று நினைக்கிறேன். தலை முதல் கால் வரை உடம்பில் நடப்பதையெல்லாம் பார்க்கத் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை.

அடுத்து பெருமாள்மலைக்காரருக்கு. கதை நன்றாக இருக்கிறது. ஆனால் தார்ப்பாய் இழுப்பதே தியானம் என்கிறீர்களே, அதை அந்த அக்காவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். நான் பூண்டு வேலை செய்கிறவள். எங்கள் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து வருடங்கள் ஆகிவிட்டன. அது வந்ததால் பூண்டு தானாகப் பரண் ஏறிவிடவில்லை. பிடுங்கி, மண் உதறி, தாளோடு சேர்த்துக் கட்டி, பரணில் ஏற்றிப் புகை போட்டு முடிக்கிறதற்குள் விரல் நுனியில் தோல் உரிந்துவிடும். அந்த நேரத்தில் என் மனசில் ஓடுவது என்ன தெரியுமா? கூலி, சொசைட்டிக் கடன், பையன் பஸ் பாஸ், ராத்திரி குழம்பு. வேலை வேலைதான். அதற்குத் தியானம் என்று பெயர் வைத்தால் எனக்குக் கூலி கூடப்போகிறதா, இடுப்பு வலி குறையப்போகிறதா? ஆண்கள் உட்கார்ந்தால் தியானம், பெண்கள் ஓடினால் அதுவும் தியானம். ரொம்ப வசதி.

அந்த மடத்துக் கிழவரும் காளான் உலர்த்திவிட்டு மற்ற நேரம் உட்கார்ந்திருப்பார்தானே? எனக்கும் அரை மணி வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் கூப்பிடாமல். அது கிடைத்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அது என் பாடு.


பெருமாள்மலைப் பேரிக்காய்
திங்கள், இரவு 9.02

அக்கா சொல்வது சரி. கதையைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அந்தக் கிழவர் துறவி, விரும்பித்தான் அங்கே போனார். களத்தில் ஓடியவர்களுக்கு அப்படி ஒரு தேர்வே இல்லை. 'தார்ப்பாய் இழுப்பதே தியானம்' என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். மீதிக் கதை இருக்கட்டும், அது அண்ணனுக்கு வேண்டியது.


நெறியாளர்
செவ்வாய், காலை 9.00

'ஏழே நாளில் குண்டலினி' விளம்பரம் ஒன்றும், அதற்குக் கீழே வந்த பதினான்கு பதில்களும் நீக்கப்பட்டன. பதினான்கில் ஆறு, கட்டணம் எவ்வளவு என்று கேட்டவை.


திண்டுக்கல் கரும்பலகை
செவ்வாய், மதியம் 1.25

கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். வட்டக்கானல் தம்பி மாஸ்லோவை இழுத்ததால் உள்ளே வந்தேன்.

அந்தப் பிரமிடை மாஸ்லோ வரையவில்லை. 1943-ல் அவர் எழுதிய கட்டுரையில் தேவைகளின் வரிசை உண்டு, முக்கோணம் கிடையாது. பின்னால் நிர்வாகவியல் பாடம் எடுத்தவர்கள் கைக்குப் போய் அது முக்கோணமாயிற்று. ஒரு படியை முழுசாக முடித்தால்தான் அடுத்த படி என்பதும் அவர் சொன்னதில்லை. எல்லாருக்கும் எல்லாத் தேவையும் பாதிபாதி நிறைந்தும் நிறையாமலும்தான் இருக்கும் என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். தன்னை முழுமையாக்கிக்கொள்வது என்ற சொல்லும் அவருடையதில்லை. முதல் உலகப் போரில் மூளையில் அடிபட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த கர்ட் கோல்ட்ஸ்டீனிடமிருந்து எடுத்தது. உறுப்புகள் சேதப்பட்ட உடம்பு, மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு எப்படியாவது முழுசாக இயங்கப் பார்க்கிறது என்பதுதான் கோல்ட்ஸ்டீன் கண்டது. உச்சிக்கு ஏறுகிற கதைக்கும் அதற்கும் ரொம்ப தூரம்.

இன்னொரு வேடிக்கை. 1970-ல் இறப்பதற்குச் சில வருடங்களுக்கு முன் மாஸ்லோவே தன் வரிசையை மாற்றிப் பேச ஆரம்பித்தார். தன்னை முழுமையாக்கிக்கொள்வதற்கும் மேலே தன்னைத் தாண்டிப்போவது என்று ஒன்றை வைத்தார். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, 'சார், பரீட்சைக்கு எந்தப் படத்தை வரைவது?'

பண்ணைக்காட்டு நண்பருக்கு: ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர், தானும் பௌத்தப் பயிற்சியில் இருந்தவர், 1980-களில் ஒரு பழக்கத்துக்குப் பெயர் வைத்தார். வீட்டில், உறவில் பேசித் தீர்க்க வேண்டியதைத் தீர்க்காமல், தியானம் என்கிற புறவழிச்சாலையில் சுற்றிப் போய்விடுவது. நீங்கள் அப்படிச் செய்கிறீர்கள் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சுவரில் இருக்கிற அந்த வெட்டைப் பற்றி உங்கள் பெண்ணிடம் எப்போதாவது பேசினீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.


ஒட்டன்சத்திரம் இரவுப் பணி
புதன், அதிகாலை 3.10

செவிலியர் நான். வார்டு அமைதியாக இருக்கிறது, அதனால் எழுத நேரம் கிடைத்தது.

'திட்டவும் இல்லை, இழுக்கவும் இல்லை' என்று அண்ணன் எழுதிய இடத்தில் எனக்குத் திக்கென்றது. என் தம்பிக்கு 24 வயதிருக்கும்போது ஒரு நீண்ட முகாமுக்குப் போனான், எங்கே என்பது வேண்டாம். திரும்பி வந்தவன் நாலு ராத்திரி தூங்கவில்லை. உடம்புக்குள் மின்சாரம் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றான். ஐந்தாம் நாள் சுவரோரம் சுருண்டு உட்கார்ந்துவிட்டான். வீட்டில் பாதிப்பேருக்கு இவனுக்கு ஞானம் வந்துவிட்டது என்ற பெருமிதம், அத்தைக்கு மந்திரிக்கக் கூட்டிப்போக வேண்டும் என்ற அவசரம். நான் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மாத்திரையில் தூக்கம் வந்தது, தூக்கம் வந்ததும் பயம் இறங்கியது. கண்ணை மூடி உட்காருவதைக் கொஞ்ச காலம் நிறுத்தச் சொன்னார். இப்போது நன்றாக இருக்கிறான். தினமும் குதிரையாறு அணைப் பக்கம் நடக்கிறான், உட்காருவதில்லை.

அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டால், வில்லோபி பிரிட்டன் முதலிய ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. தியானம் செய்பவர்களையும் சொல்லிக்கொடுப்பவர்களையும் நேரில் கேட்டுத் தொகுத்தது. பயம், தூக்கமின்மை மட்டுமல்ல, உணர்ச்சி மரத்துப்போவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சந்தோஷமும் வராது, துக்கமும் வராது, வீட்டு மனிதர்கள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிற்பது போல இருக்கும். எல்லாருக்கும் வருவதில்லை. வந்தவர்கள் அதைச் சமநிலை என்று நினைத்துக்கொள்ளக்கூடும் என்பதுதான் கவலை.

அண்ணனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, அவருக்கு நெஞ்சு அடித்திருக்கிறது, பெருமை வந்திருக்கிறது. படிக்கிற வேறு யாருக்காவது இப்படி இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசில்லை. முகாம்களில் விண்ணப்பப் படிவத்தில் மனநலம் பற்றிக் கேட்டால் உண்மையை எழுதுங்கள். என் தம்பி எழுதவில்லை.

மணி அடிக்கிறது, போகிறேன்.


வத்தலக்குண்டு வாத்தியார்
புதன், காலை 6.15

சகோதரிக்கு நன்றி. தம்பிக்கு வாழ்த்து. எங்கள் தவங்களிலும் முதலில் ஆக்கினை கற்ற கையோடு சாந்தி தவம் கற்றுக்கொடுத்துவிடுவது இதனால்தான். மேலே ஏறினதைக் கீழே இறக்கத் தெரிய வேண்டும். தானாகப் புத்தகம் பார்த்துச் செய்கிறவர்கள் இதில்தான் தவறுகிறார்கள்.

பூம்பாறைச் சகோதரி எழுதியதை நேற்றுக் காலை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். 'இன்னொரு தடவை வாசிங்க' என்றாள். வாசித்தேன். அப்புறம் எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இட்லி எட்டரைக்குத்தான் வந்தது.


வட்டக்கானல் வைஃபை
வியாழன், இரவு 11.40

ஒரு வாக்குமூலம். நேற்று மரம் விழுந்து கரண்ட் போய், டவரும் போய், வாசலில் காட்டுமாடு ஒன்று படுத்துக்கொண்டு நகரவே இல்லை. இருட்டில் 20 நிமிஷம் உட்கார்ந்தேன், ஆனால் செயலியில் ஏறவில்லை. இன்று காலை பார்த்தால் தொடர்ச்சி பூஜ்யம். 414 நாள் போச்சு. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கட்டிலில் எறிந்தேன். கட்டிலில்தான், சுவரில் இல்லை. எறிந்தபிறகுதான் பண்ணைக்காட்டு அண்ணன் கத்தி ஞாபகம் வந்தது.

அளந்த கணக்கு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. நாடித்துடிப்பு வரைபடத்தில் அந்தக் காலை மட்டும் மலை மாதிரி தெரிகிறது.

காது கருவி பற்றிச் சொன்னதை மறந்துவிடுங்கள் அண்ணா.


பூம்பாறைப் பூண்டு
வெள்ளி, காலை 5.30

தம்பி, காட்டுமாடு எழுந்து போயிற்றா?


வட்டக்கானல் வைஃபை
வெள்ளி, காலை 9.10

மத்தியானம்தான் போனது அக்கா. அது வரைக்கும் நானும் உள்ளேயே இருந்தேன்.


பண்ணைக்காட்டான்
ஞாயிறு, இரவு 9.05

ஒரு வாரம் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். பூம்பாறைத் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபம். மூன்று வருடத்தில் வந்த முதல் கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கரும்பலகை சார் கேட்டது வேறு.

பெண்ணிடம் பேசினேன். இப்போது அவளுக்குப் பதினொன்று ஆகிறது. சுவரைக் காட்டி, அன்றைக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறதா என்றேன். 'எனக்குத் தெரியும்பா' என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை, வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் இங்கே கேட்கப்போவதில்லை.

இவளிடம் பேசியது அடுத்த நாள். பார்ச்மென்ட் மூட்டையை முகர்ந்து பார்க்க வியாபாரி வந்து போன பிறகு. நனைந்த பாதிக்கு வாடை ஏறிவிட்டது என்று விலையைக் குறைத்துவிட்டார், அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு நான் வராதது உனக்குக் கோபமா என்றேன். இல்லை என்றாள். அப்புறம் சொன்னாள், 'முன்னாடி நீங்க கத்தும்போது பயமா இருக்கும். ஆனா என்ன நினைக்கிறீங்கன்னு தெரியும். இப்ப பயமில்ல. ஒண்ணும் தெரியல.' அதிட்டானம் பற்றி விளக்க ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். அந்தத் தீர்மானத்தை முகாமில் கற்றுக்கொடுத்தபோது பக்கத்தில் காபி காயவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்தது நான்தான்.

உட்காருவதை விட்டுவிட்டேனா என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். விடவில்லை. காலையில் ஒரு மணி அப்படியே இருக்கிறது, நாற்காலிக்கு மாறியபின் முழங்கால் தேவலை. எனக்கு அது வேண்டும், அது இல்லாமல் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும்.

மூன்றரை மணியைத்தான் அவளிடம் கொடுத்துவிட்டேன். சாமான் அறைச் சாவியை நீட்டியபோது, 'எனக்கு இதெல்லாம் வராது' என்றாள். வராவிட்டால் பரவாயில்லை, கதவைச் சாத்திக்கொள், யாரும் கூப்பிட மாட்டோம் என்றேன். முதல் நாள் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள், அடுப்பில் ஏதோ வைத்ததாக. இரண்டாம் நாள் அரை மணி. நேற்று முழுசாக ஒரு மணி நேரம். உள்ளே என்ன செய்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நேற்று கதவுப் பக்கம் போனபோது லேசாகக் குறட்டை கேட்டது.

நேற்று நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேகம் இறங்கித் தூறல் போட்டது. களத்தில் இப்போது இருப்பது கடைசிப் பறிப்பு. நானும் மாமியாரும் ஓடினோம். நாலு மூலைக் கயிற்றில் எது எந்த முளைக்கு என்று மாமியாருக்கு இருட்டிலும் தெரியும் போல, பட்பட்டென்று கட்டிவிட்டார். நான் கையில் ஒரு கயிற்றை வைத்துக்கொண்டு முளையைத் தேடிக்கொண்டு நின்றேன். 'அது இங்க, மாப்பிள்ளை' என்று காலால் காட்டினார்.

ஓரத்தில் ஒரு முழம் நனைந்திருக்கும். இன்று வெயில் நன்றாக அடித்தது.